ஆறு சமையலறைகள்

2025ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி, புதன்கிழமை, சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள, 1991இல் கட்டப்பட்ட, ஆறு வீடுகள் கொண்ட ஒரு மூன்று தளக் கட்டடம் கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த லூர்துசாமி, அவர் மனைவி ரேகா ஆகிய இருவர் பெயரிலும் கிரயமானது.

கட்டடத்தின் முகப்பில் 'சௌந்தரம் இல்லம்' என்று சிமெண்டில் எழுதியிருந்தது. சௌந்தரம் என்பது பழைய உரிமையாளரின் மனைவி. இருவரும் இறந்த பிறகு மூன்று பிள்ளைகளும் மூன்று நாடுகளில் இருந்துகொண்டு, யார் வந்து பழுது பார்ப்பது என்று ஆறு வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் தரைத்தளச் சுவர்களில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருந்தது. மேல்தளத்துக் கூரைப்பூச்சு பல இடங்களில் விழுந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். விலை அதனால்தான் இறங்கியது.

லூர்துசாமி வாங்குவதற்கு முன்னால் நான்கு முறை போனார், நான்கு முறையும் கையில் சின்னச் சுத்தியல் இருந்தது. கடலூர் சிப்காட்டில் ஒரு சாயப்பொருள் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர் அவர். ஆலை கைமாறியபோது விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள், அப்போது நாற்பத்தொன்பது வயது. ஒவ்வொரு தூணையும் கீழிருந்து மேலாகத் தட்டினார். தூண்கள் கணீரென்று பதில் சொல்லின. பூச்சுதான் பதினொரு இடங்களில் பொத்தென்று ஒலித்தது. எலும்பு நன்றாக இருக்கிறது, தோல்தான் போயிருக்கிறது என்று அன்று மாலை ரேகாவிடம் சொன்னார். ரேகா அரசுப் பள்ளி ஆசிரியை. ஓய்வுப் பணம் போதாமல், அவருடைய சம்பளத்தைக் காட்டித்தான் மீதிக்கு வங்கிக் கடன் வாங்கினார்கள்.

கட்டடத்தைக் காட்டிய புரோக்கர் கோவிந்தசாமி, கிரயம் முடிந்த மறுவாரமே ஒரு யோசனையோடு வந்தார்.

"சார், ஒவ்வொரு வூட்டுலயும் ரெண்டு ரூம், ஒரு ஹாலு, ஒரு கிச்சன். கிச்சன ஒடச்சு ஹாலோட சேத்துட்டீங்கன்னா வூட்டுக்கு எட்டு கட்டில் போடலாம். ஆறு வூட்டுக்கு நாப்பத்தெட்டு. சாப்பாட்ட அதுங்க வெளிய பாத்துக்கும்."

"பாத்ரூம் நாலு பேருக்குத்தான் தாங்கும், கோவிந்தசாமி."

"காலேஜிப் பசங்க என்னா தெனமுமா குளிக்குதுங்க?"

"பசங்க இல்ல. பொண்ணுங்களுக்கு விடப் போறேன். வூட்டுக்கு நாலு பேரு. சமைச்சு சாப்புடட்டும்."

கோவிந்தசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "வாடகைக்கு வுடறீங்களா, இல்ல பொண்ண சீர் வச்சு அனுப்பறீங்களா?"

லூர்துசாமியிடம் இதற்குக் கணக்கு இருந்தது. இரண்டு மாதம் அந்தப் பகுதியில் சுற்றி விசாரித்திருந்தார். கட்டில் எடுத்துத் தங்கும் பிள்ளைகள் மே மாதம் காலி செய்துவிட்டுப் போகிறார்கள், ஜூலையில் வேறு இடம் தேடுகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு மாதம் கட்டடம் சும்மா கிடக்கிறது. அடுப்பும் பாத்திரமும் வைத்துக் குடியிருப்பவர்கள் அப்படி எழுந்து போவதில்லை, படிப்பு முடியும்வரை இருக்கிறார்கள். சமையலறையை விட்டுவைத்தால் வாடகை குறைவு, ஆள் நிலை. கடனை நீண்ட காலத்துக்கு வாங்கியவனுக்கு ஆள் நிலைப்பதுதான் முக்கியம் என்பது அவருடைய முடிவு.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைக் கோவிந்தசாமியிடம் சொல்லவில்லை.

1993இல் அவர் இதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தார். ஒரு நண்பனோடு அறை தேடிப் பதினொரு வீடுகளில் ஏறி இறங்கினார். கேள்வி எல்லா வீட்டிலும் ஒரே வரிசையில் வந்தது. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு. தெருப்பெயரைச் சொன்னதும் அறை இல்லாமல் போய்விடும். நான்கு வருடமும் கடலூரிலிருந்து ரயிலில் வந்து போய்ப் படித்தார். பாடத்தில் பாதியை ரயிலில்தான் படித்தார். இந்தக் கட்டடத்தை வாங்கியபோது ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டார். வீடு கேட்டு வருகிற எவரிடமும் எதையும் கேட்பதில்லை. பெண்ணின் பெயர், படிக்கும் பிரிவு, தொலைபேசி எண். அவ்வளவுதான்.

வேலை ஏப்ரலில் தொடங்கியது. ஆலையில் இயந்திரங்களை நிறுத்திப் பழுது பார்க்கும்போது போடுவது போல ஒரு பெரிய அட்டவணை தயாரித்து, தரைத்தளச் சுவரில் ஒட்டினார். எந்த நாளில் எந்த வீட்டில் என்ன வேலை என்று எல்லாம் அதில் இருந்தது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் அதற்கு முந்தைய நாள் தேருக்கும் ஆட்கள் வரமாட்டார்கள் என்று அந்த இரண்டு நாளையும் சிவப்பில் அடித்திருந்தார். கடைசிக் கட்டத்தில் 'ஜூலை 20 – சாவி' என்று எழுதியிருந்தது. குமராட்சியிலிருந்து நான்கு ஆட்களோடு மினிபஸ்ஸில் வரும் கதிர்வேல் மேஸ்திரி, தினமும் காலையில் அந்த அட்டவணை முன் நின்று ஒருமுறை படித்துவிட்டுத்தான் கரண்டியை எடுப்பார்.

ஜூன் மாதம் வாசலில் தட்டி கட்டினார்கள். மாணவியருக்கு வீடு, நான்கு பேருக்கு ஒரு வீடு, தனிச் சமையலறை, சாவி ஜூலை 20. கீழே ஆ.லூர்துசாமி என்ற பெயரும் எண்ணும்.

"பேரு எதுக்கு சார்? நம்பர் போதும்" என்றார் கோவிந்தசாமி.

"ஏன்?"

"சும்மாத்தான் சொன்னேன்."

பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஜூன் 28ஆம் தேதி, திட்டக்குடிப் பக்கத்திலிருந்து கொளஞ்சியம்மாள் என்ற பெண் தன் மகள் சுவேதாவோடு வந்தார். சத்துணவு அமைப்பாளர். மகள் வேளாண்மை படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு போகிறாள்.

"மொத வருசம் கட்டில் எடுத்துத்தான் வுட்டேன் சார். தெனமும் வெளிய சாப்புட்டு எம்மா எளச்சுட்டா பாருங்க."

"நான் எளைக்கல. அம்மா கண்ணாடி மாத்தணும்" என்றாள் சுவேதா.

கொளஞ்சியம்மாள் அறைகளை அதிகம் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போனார். மேடையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து உயரம் பார்த்தார். ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சமையல் நடக்கும் இடத்தை நிர்வகிப்பவரின் கண் அது. முகம் மலர்ந்துதான் வெளியே வந்தார்.

"சாவி எப்பங்க?"

"ஜூலை இருபது."

அவர் முகம் மாறியது. திரும்பித் தட்டியைப் பார்த்தார்.

"லூர்துசாமிங்கறது நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"வேதக்காரவுங்களா?"

"ஆமா."

"அம்மா, கேளும்மா" என்று சுவேதா புடவையை இழுத்தாள்.

"நீ சும்மா இருடி. சரிங்க சார், வூட்ல கலந்துகிட்டு சொல்றேன்."

போனவர்கள் போனவர்கள்தான். அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே. வீட்டைப் பார்ப்பார்கள், பிடித்துப்போகும், சாவி எப்போது என்பார்கள், தட்டியைப் பார்ப்பார்கள், கலந்து சொல்வதாகக் கிளம்புவார்கள். ஜூலை முதல் வாரம் முடியும்போது பதினொரு குடும்பங்கள் வந்து போயிருந்தன. முன்பணம் கொடுத்தது ஒருவர் மட்டும். பரங்கிப்பேட்டை சலீமா பீவி. கணவர் குவைத்தில் இருக்கிறார். மகள் ரூமானா பிசியோதெரபி படிக்கிறாள். வந்தார், பார்த்தார், "நல்லா காத்து வருது அண்ணே" என்றார், பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடப் படிக்கும் மூன்று பெண்களின் பெயரையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். மொத்தம் பத்து நிமிடம்.

பதினொரு பேரில் அந்த ஒருவர் மட்டும் ஏன் கொடுத்தார் என்று லூர்துசாமி யோசித்தார். விடை அவருக்கு 1993லேயே தெரிந்திருந்தது.

ஜூலை 7ஆம் தேதி கோவிந்தசாமி ஒரு ஒப்பந்தத் தாளோடு வந்தார். கட்டில் விடுதி நடத்தும் ஒரு பார்ட்டி இருக்கிறது, மூன்று வருடத்துக்கு மொத்தக் கட்டடத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள், மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், சமையலறைகளை அவர்களே உடைத்துக்கொள்வார்கள்.

"பதினஞ்சாந்தேதிக்குள்ள ஒரு பதில் வேணும் சார். அதுக்கு மேல அவுங்க வேற எடம் பாத்துடுவாங்க. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஊரு அப்படி இருக்குது, நாம என்னா பண்றது?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லூர்துசாமி கடலூர் பஸ் ஏறினார்.

ரேகா விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஒப்பந்தத்தைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"ஆகஸ்ட்டுலேர்ந்து தவணை. கட்டலன்னா உன் சம்பளத்துல பிடிப்பாங்க. வூடு காலியா கெடந்தா நாம என்னத்த சாப்புடறது? மூணு வருசம் அவன் ஓட்டட்டும். அப்புறம் பாக்கலாம்."

"ஒடச்ச கிச்சன மூணு வருசம் கழிச்சுத் திரும்பக் கட்டிடுவீங்களா?"

அவர் தாளை வாங்கி மடித்துத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தார். ரேகா விடவில்லை.

"பதினோரு பேரு வந்தாங்கன்னீங்க. ஏன் வேணாம்னாங்கன்னு யாரையாவது கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்னா இருக்கு? பேரப் படிச்சதும் மூஞ்சி மாறுது. என் கண்ணால பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க. அவுங்க சொன்னாங்களா?"

"இதெல்லாம் சொல்லுவாங்களா ரேகா? எங்கிட்ட யாரும் சொன்னதில்ல. அறை இல்லன்னுதான் சொல்லுவாங்க."

"சரி, நான் போன் போட்டுக் கேக்கறேன். நம்பரக் குடுங்க."

"வேணாம். வூடு வேணுமான்னு கெஞ்சற மாதிரி இருக்கும்." அவர் எண்கள் எழுதிய நோட்டைக் கொடுக்கவில்லை. இருபது வருடத்தில் ரேகா அவரை அவ்வளவு பிடிவாதமாகப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்.

ஜூலை 10, வியாழக்கிழமை. லூர்துசாமி இரண்டாம் தளத்தில் சமையல்மேடைக் கடப்பைக் கல்லின் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லைப் பொருத்தச் சொல்வதா, அப்படியே விடச் சொல்வதா என்று அவருக்கே தெளிவில்லை. படியில் ஆள் வரும் சத்தம் கேட்டது. கொளஞ்சியம்மாள், பின்னால் சுவேதா.

"வூடு இருக்குதுங்களா சார், போயிடுச்சா?"

"இருக்குதும்மா."

"ஒண்ணு கேப்பேன். கோச்சிக்கக் கூடாது."

"கேளுங்க."

கொளஞ்சியம்மாள் ஒருமுறை மகளைப் பார்த்தார். "பதினேழாந்தேதி ஆடி பொறக்குதுங்க."

லூர்துசாமி காத்திருந்தார். அவ்வளவுதான் என்று தெரிந்தது. "பொறக்கட்டும். அதுக்கு?"

"ஆடியில புது வூட்டுல யாராச்சும் அடுப்பு பத்த வைப்பாங்களா? நீங்க சாவி தர்றது இருபது. அப்ப ஆடி நாலு. ஆவணி பொறக்கறதுக்குள்ள காலேஜ் தொறந்து மூணு வாரம் ஆயிடும். அதான் அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம போயிட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆனி முடியறதுக்குள்ள கதவத் தொறந்து வுட்டீங்கன்னா பால் காச்சிட்டுப் போயிடுவோம். சாமான் செட்டெல்லாம் நீங்க சொல்ற தேதிக்கே கொண்டாரோம். பால் காச்சிட்டா அப்புறம் ஆடி ஒண்ணும் பண்ணாது."

"ஆடியா?" என்றார் லூர்துசாமி. "எனக்கு ஆடின்னா துணிக்கடையில தள்ளுபடி போடுவான்னுதான் தெரியும்."

"கட்டிலுன்னா நாங்க பாக்கமாட்டோம் சார். போன வருசம் இவளக் கட்டில்ல வுட்டப்ப ஆடி பதினஞ்சு. கட்டிலுக்கு என்னா ஆடி? இது அடுப்பு வைக்கிற எடமாச்சே. வூடுன்னு ஆயிடுச்சே."

"இத அன்னிக்கே கேட்டிருக்கலாமேம்மா."

"எப்பிடிக் கேக்கறது? நீங்க வேதக்காரவுங்க. உங்ககிட்ட வந்து ஆடி ஆவாதுன்னா மூஞ்சிய சுளிச்சுட்டா? இதெல்லாம் பாக்கறவங்களுக்கு இங்க வூடு இல்லன்னுட்டா?"

"நான் அன்னிக்கே கேளுன்னேன் சார்" என்றாள் சுவேதா.

"கேக்காம வேற நாலு எடம் போனோம். எடுத்ததும் எந்த ஊருன்னாங்க. சொன்னோம். ஊருல எந்தப் பக்கம்னாங்க. அதையும் சொன்னோம். அப்புறம் ரூம் இல்ல." கொளஞ்சியம்மாள் மேடைக் கல்லைத் தடவிக்கொண்டே சொன்னார். "நீங்க ஒருத்தருதான் அதக் கேக்கல. வூட்டுக்குப் போயி ரெண்டு நாளு கழிச்சுத்தான் எனக்கே அது ஒறைச்சுது. சரி, மூஞ்சிய சுளிச்சா சுளிச்சுட்டுப் போறாரு, ஒரு வார்த்த கேட்டுடுவோம்னு பஸ் ஏறிட்டோம்."

லூர்துசாமி கையில் இருந்த மட்டப்பலகையை மேடைமேல் வைத்தார்.  ஜன்னல் பக்கம் திரும்பி, "மேஸ்திரி!" என்று கத்தினார்.

கதிர்வேல் சாரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உனக்கு ஆடி தெரியுமா?"

"தெரியாம என்னா சார்? எங்க தெருவுல கூழு ஊத்தறாங்க, நான்தான் பந்தலு."

"அப்ப நாலு மாசமா ஏன்யா சொல்லல?"

"நீங்க இம்மாம் பெரிய சார்ட்டு போட்டு செவுத்துல ஒட்டிட்டீங்க. செகப்புலயும் பச்சையிலயும் கட்டம் கட்டமா இருக்குது. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

சுவேதா சிரித்தாள். கொளஞ்சியம்மாள் அவள் கையில் தட்டினார். ஆனால் லூர்துசாமியும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழமை ஆகுமாம்மா?"

"பதிமூணு. நல்ல நாளுதான். காலையில எட்டு மணிக்குள்ள காச்சிடணும்."

அன்று மாலை எண்கள் எழுதிய நோட்டு ரேகாவின் கைக்குப் போனது. அவர் ஒவ்வொரு எண்ணாக அழைத்தார். ஆசிரியைக்கு உரிய குரலில் ஒரே கேள்விதான் கேட்டார். ஆனியிலேயே பால் காய்ச்சிக்கொள்ளக் கதவு திறந்துவிட்டால் சௌகரியமா? பண்ருட்டிப் பக்கம் அண்ணாகிராமத்திலிருந்து ஒரு தாய், "டீச்சர், நெசமாவா? எங்க மாமியாருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்று போனை அங்கேயே கைமாற்றினார். கொளஞ்சியம்மாளும் சலீமா பீவியும் போக மீதி ஒன்பது பேரில் இரண்டு பேர் வேறு இடம் பார்த்துவிட்டிருந்தார்கள். ஒருவர் ஆடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ரேகா அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார். ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். அந்த ஆறு பேருக்கும் தங்கள் பெண்ணோடு படிக்கும் வேறு பெண்கள் இருந்தார்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் ஐந்து வீடுகளுக்கும் பெயர்கள் எழுதியாயிற்று.

வீடுகள்தான் தயாராக இல்லை. இரண்டு சமையலறைகளில் மேடை இல்லை. ஒன்றில் சுவர்ப்பூச்சு முடியவில்லை. தரைத்தளத்தில் இரண்டில் சனிக்கிழமை காலைதான் டைல்ஸ் ஒட்டினார்கள், ஒட்டுபவர்கள் அன்று மட்டும்தான் கிடைத்தார்கள். மறுநாள் காலை அதன்மேல் கால் வைக்கக் கூடாது.

"பாலு பொங்கறதுக்கு டைல்ஸு எதுக்கு சார்?" என்றார் கதிர்வேல்.

சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் அவர் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. டைல்ஸ் ஒட்டிய சமையலறைகளில் வாசற்படியிலிருந்து ஜன்னல் திண்டுவரை சாரப் பலகையைப் பாலம் போலப் போட்டார். மேடை இல்லாத இடங்களில் செங்கல் அடுக்கினார். அடுக்கிய செங்கல் ஒவ்வொன்றின்மேலும் மட்டக்குழாயைப் பிடித்துத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். லூர்துசாமி போய்ப் பார்த்தபோது ஒன்றுகூட மட்டமாக இல்லை.

"என்ன மேஸ்திரி, சாஞ்சிருக்கே?"

"கெழக்க கால் இஞ்ச் எறக்கி வச்சிருக்கேன் சார். பாலு கெழக்கால பொங்கி வழிஞ்சாத்தான் நல்லது. வடக்க தெக்க போயி எந்தப் பொம்பளையாவது மூஞ்சியத் தூக்கி வச்சுகிட்டா நீங்க தாங்குவீங்களா?"

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஆறரை மணிக்கே ஆட்டோக்களும் ஒரு மினிவேனும் வந்து நின்றன. ஸ்டவ்வும் புதுப் பாத்திரமும் உப்பு மஞ்சள் டப்பாக்களுமாக ஆட்கள் இறங்கினார்கள். லூர்துசாமியும் ரேகாவும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். பூசைக்கு முன் நின்றால் ஏதாவது தப்பாகிவிடுமோ என்று இருவரும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். கொளஞ்சியம்மாள் வந்து, "வூட்டுக்காரவுங்க இல்லாம எப்பிடி? வாங்க டீச்சர்" என்று ரேகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் தளத்து இடதுபக்க வீட்டில் ஒரு சிக்கல். மூன்று பெண்களின் தாய்மார்கள் மூவரும் வந்திருந்தார்கள். மூவரும் அவரவர் பாத்திரமும் அவரவர் பாலும் கொண்டுவந்திருந்தார்கள். அடுப்பு ஒன்று. ஒருவரையொருவர் அன்றுதான் பார்க்கிறார்கள். யார் முதலில் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மணி ஏழரையைத் தாண்டியது. மகள்கள் மூவரும் ஜன்னல் பக்கம் நின்று செல்போனில் எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ரேகா உள்ளே எட்டிப் பார்த்தார். "மூணு பொண்ணும் ஒரே அடுப்புலதான சாப்புடப் போவுது? பெரிய பாத்திரம் யாரோடது?"

கொஞ்சம் தயக்கம் இருந்தது. பிறகு அண்ணாகிராமத்துக்காரர் தன் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். மூன்று பாக்கெட்டுகளையும் வெட்டி ஊற்றினார்கள். பால் அதிகமாகிவிட்டதால் பொங்க நேரமானது. எட்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பொங்கியது. கதிர்வேல் சொன்னபடி கிழக்கே வழிந்தது. பாதி செங்கலில், பாதி அவருடைய புதுப் பூச்சில். 

தரைத்தளத்துப் பலகைப் பாலத்தில் சுவேதா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை முன்னால் ஒரு காலைப் பின்னால் வைத்து நடந்தாள். "விழுந்த, டைல்ஸுல உன் மூஞ்சி அச்சா பதிஞ்சுடும்" என்றார் கொளஞ்சியம்மாள்.

சலீமா பீவியும் வந்திருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. ரூமானாவுக்குத் தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

"எங்களுக்கு ஆடியும் இல்ல, ஆனியும் இல்ல அண்ணே. அதுக்காக அஞ்சு வூட்டுல அடுப்பு எரியறப்ப எங்க வூட்டுல மட்டும் எரியாம கெடக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, பிஸ்மில்லா சொல்லி அடுப்பைப் பற்றவைத்தார். எல்லா வீட்டுப் பாலிலும் மிஞ்சியதை ரூமானா வாங்கிக்கொண்டு வர, அதில் டீ போட்டார். மேஸ்திரியின் ஆட்களுக்கும் சேர்த்து இருபத்தெட்டுப் பேருக்கு.

ஒன்பது மணிக்குக் கோவிந்தசாமி ஸ்கூட்டரில் வந்தார். வாசலில் ஆட்டோக்களைப் பார்த்ததும் வண்டியை அணைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அணைத்தார்.

"என்னா சார், விசேஷமா?"

"பால் காச்சறாங்க. ஆடி வருதில்ல."

கோவிந்தசாமி செருப்பைப் பார்த்தார்.

"உனக்கு ஆடி தெரியும்ல?" என்றார் லூர்துசாமி.

"தெரியும் சார்."

"அப்ப பேரு பேருன்னு ஏன் சொன்ன?"

"பேராலதான் யாரும் வரலன்னு நான் எங்க சார் சொன்னேன்? நம்பர் போதும்னேன். மீதிய நீங்களாத்தான் நெனச்சுகிட்டீங்க." வண்டிச் சாவியை உருவிக்கொண்டே, "ஆடியப் பத்தி சொல்லியிருக்கலாம். இல்லன்னு சொல்லல. சொன்னா பார்ட்டி கையவிட்டுப் போயிடும். எனக்கும் வயிறு இருக்குதில்ல?"

லூர்துசாமி சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். மடிப்புகளில் தாள் நைந்திருந்தது. கோவிந்தசாமி அதைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். கையெழுத்து இல்லை. மடித்து வண்டிப் பெட்டியில் போட்டார்.

ரேகா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து கொடுத்தார். கோவிந்தசாமி ஒரு வாய் குடித்தார்.

"சக்கர கம்மி டீச்சர்."

"உங்களுக்கு அது போதும்" என்றார் ரேகா.

அட்டவணையில் ஜூலை 13க்கான கட்டத்தில் 'அறைகளின் தரை, வீடு 1, 2' என்று எழுதியிருந்தது. அன்று யாரும் தரை வேலை செய்யவில்லை. மறுநாளிலிருந்து கதிர்வேல் இரண்டு ஆட்களைக் கூடுதலாக அழைத்து வந்தார்.

ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, ஆறு சாவிகளும் கொடுக்கப்பட்டன. மாத முடிவில் ஆறு வீடுகளிலும் சேர்த்து இருபத்து மூன்று மாணவிகள் குடியிருந்தார்கள். இரண்டாம் தளத்து இடதுபக்க வீட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆகஸ்ட் மாதத் தவணை வாடகையிலிருந்து கட்டப்பட்டது.